சிர்கோனியா சேர்த்த அலுமினா: அடர்த்தி குறையாமல் சுடும் முறை

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பீங்கான் கடினமானது, ஆனால் ஒரு கீறல் விழுந்தால் விரிசல் தடையில்லாமல் ஓடிவிடும். சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) துகள்கள் கலந்திருந்தால், விரிசலின் முனையில் அவை படிக அமைப்பு மாறிப் பருத்து அதை நெருக்கி நிறுத்தும். சிலிக்கன் கார்பைடு ஊசிகளும் வலுவூட்டும். ஆனால் தூளை அழுத்திச் செய்த வில்லையைச் சுடும்போது அவை சுருங்கவிடாது. அழுத்திக்கொண்டே சுடும் உலை வேண்டியிருக்கும். சிர்கோனியாவுக்கு 1600 டிகிரி எட்டும் சாதாரண மின் உலை போதும்.

0.3 மைக்ரான் அலுமினா 79 கிராம், 3 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா 21 கிராம். கன அளவில் சிர்கோனியா 15 சதவீதம்; துளையே இல்லாத அடர்த்தி கன செ.மீ.க்கு 4.29 கிராம். இதை 120 மில்லி எத்தனாலுடன் பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றி, 5 மி.மீ. சிர்கோனியா குண்டுகள் போட்டு 24 மணி நேரம் உருட்டுங்கள். கடைசி ஒரு மணியில் 1 கிராம் பிவிபி (பாலிவினைல் பைரோலிடோன்) பசை சேர்க்கலாம். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) வேண்டாம், எத்தனாலில் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும்.

உலர்த்தும்போதுதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். சிர்கோனியா கனமானது, கிளறாமல் விட்டால் அடியில் தங்கிவிடும். தீ இல்லாத இடத்தில், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டில், அல்வா பதம் வரும்வரை கிளறுங்கள். பிறகு 80 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து, 150 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள்.

25 மி.மீ. அச்சில் இரண்டரை டன் விசை போதும். அது 50 மெகாபாஸ்கல். கூட்டினால் அச்சிலிருந்து எடுக்கும்போது மேல்பகுதி மூடிபோல் கழன்றுவிடும். ரப்பர் பையில் போட்டு, நீரழுத்தக் கலத்தில் 200 மெகாபாஸ்கல் கொடுங்கள். பச்சை வில்லையின் (இன்னும் சுடாத வில்லை) அடர்த்தி 2.3-க்குக் கீழே இருந்தால் உலையில் வைக்காதீர்கள். பொடித்து மறுபடி அரையுங்கள்.

500 டிகிரிவரை நிமிடத்துக்கு 1 டிகிரி. பசை எரிய அங்கே ஒரு மணி நேரம். பின்பு நிமிடத்துக்கு 5 டிகிரியாக 1550 வரை ஏற்றி, 2 மணி நேரம் நிறுத்துங்கள். வில்லைக்கு அடியில் அதே தூளைத் தூவினால் ஒட்டாமல் சுருங்கும், நீரழுத்தத்துக்குப் பின் 24 மி.மீ. இருந்த விட்டம் 20-க்குச் சற்றுக் கீழே வரும்.

நீரில் கொதிக்கவைத்து ஆர்க்கிமிடிஸ் முறையில் அளந்தால் 4.25 வர வேண்டும். குறைந்தால் வெப்பத்தை ஏற்றத் தோன்றும்; ஏற்றாதீர்கள். சிர்கோனியா படிகத் துகள்கள் பெருத்து, ஆறும்போதே அமைப்பு மாறி, வில்லைக்குள் நுண்விரிசல் உண்டாக்கும். ஒன்றை உடைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள்: வெண்மையான சிர்கோனியா கட்டி ஒன்றைச் சுற்றிப் பிறைபோல் இடைவெளி தெரிந்தால், தூள் சரியாக அரைபடவில்லை.