பட்டன் பலகையில் விளக்கு எரியவில்லையா? என் அனுபவம்

வரவேற்பு மேசையில் இருக்கும் ஐபி போனுடன் (நெட்வொர்க் வழியே பேசும் போன்) கூடுதல் பட்டன் பலகை ஒன்றை இணைத்தோம். பட்டனை அழுத்தினால் அழைப்பு போனது. ஆனால் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டவேண்டிய விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. அது இல்லாவிட்டால் ஆபரேட்டருக்குப் பாதிப் பயன்தான்.

போனின் ஐபி முகவரியை பிரவுசரில் போட்டு செட்டிங்ஸைப் பார்த்தேன். எல்லா பட்டனும் ‘ஸ்பீட் டயல்’ வகையில் இருந்தன. ஸ்பீட் டயல் என்றால் எண்ணை டயல் செய்வதோடு சரி. வகையை ‘பிஎல்எஃப்’ (மற்ற போன் பிஸியா என்று விளக்கில் காட்டும் வகை) என்று மாற்றி எக்ஸ்டென்ஷன் எண்களை, அதாவது அலுவலக உள் எண்களைக் கொடுத்ததும் விளக்குகள் வந்தன: சும்மா இருந்தால் பச்சை, பேசினால் சிவப்பு, மணி அடித்தால் சிமிட்டும். (நிறம் மாடலுக்கு மாடல் மாறும்.)

சில பட்டன்கள் மட்டும் இருட்டாகவே இருந்தன. எங்கள் பிபிஎக்ஸ் (அலுவலக போன்களை இணைக்கும் அமைப்பு) ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் ஓடுகிறது. ஒரு எக்ஸ்டென்ஷனின் நிலையைப் போன் கேட்டு வாங்க, டயல்பிளானில் (எந்த எண்ணை அழைத்தால் என்ன நடக்கவேண்டும் என்ற விதிகள்) அதற்கு ‘ஹின்ட்’ வரி, அதாவது எந்தப் போனின் நிலையைக் கவனிப்பது என்று சொல்லும் வரி இருக்கவேண்டும். அந்த எண்களுக்கு அது இல்லை. சேர்த்து ரீலோட் செய்தேன், எரிந்தன.

அப்புறம் இரண்டாவது பலகையை மாட்டியபோது போன் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனது. போனுக்கு மின்சாரம் பிஓஇ வழியாக, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே வந்தது. சாதாரண பிஓஇ போர்ட் தருவது அதிகபட்சம் 15.4 வாட், கேபிள் இழப்பு போகப் போனுக்கு 12.95 வாட்தான் உறுதி. தனி அடாப்டர் கொடுத்ததும் அந்தத் தொல்லை நின்றது.