வானதூதரைச் சண்டைக்கு இறக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாக எழுத வருகிற இளைஞர்கள் தங்கள் தொடர்கதைகளையும் குறும்படத் திரைக்கதைகளையும் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருவதுண்டு. சில ஆண்டுகளாக அவற்றில் சிறகும் வாளுமாக வானதூதர்கள் அடிக்கடி வந்து இறங்குகிறார்கள். ஹாலிவுட் படங்களும் வீடியோ விளையாட்டுகளும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பான ஆசைதான். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தின் உச்சியில் ஒரு சண்டைக் காட்சி வைத்தால் எப்படியிருக்கும் என்று நானே சிறுவயதில் நினைத்ததுண்டு. ஆனால் இக்கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. வானதூதர் என்பவர் அனுப்பப்பட்டவர் என்பதை எழுதுபவர் மறந்துவிடுகிறார். எபிரேயத்தில் மலாக் என்றாலும் கிரேக்கத்தில் ஆங்கெலோஸ் என்றாலும் பொருள் தூதன் என்பதுதான். சிறகு, ஒளி, வாள் ஆகிய எதுவும் அந்தச் சொற்களுக்குள் இல்லை.

சொல்லிலிருந்தே தவறு தொடங்கிவிடுகிறது. மொழிமாற்றுப் படங்களின் பழக்கத்தால் பலரும் தேவதை என்று எழுதுகிறார்கள். தமிழில் தேவதை என்றவுடன் வாசகர் மனத்தில் வருவது ஒன்று அழகான பெண், அல்லது ஊர் எல்லையில் பொங்கலும் பலியும் வாங்குகிற சிறுதெய்வம். இரண்டுமே இந்தக் கதாபாத்திரத்துக்குப் பொருந்தாதவை. அதைவிட வருத்தமானது, நம் பகுதியிலேயே இதற்கு மூன்று நல்ல சொற்கள் புழக்கத்தில் இருந்தும் அவற்றை எவரும் எடுத்தாளாதது. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கப் பாட்டி ‘காவல் சம்மனசு’ என்பார், நாசரேத்தின் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டன்ட் திருச்சபைக் குடும்பத்தில் ‘தேவதூதன்’ என்பார்கள். மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளில் ‘மலக்கு’ என்பார்கள். மிக்கேல் என்று ஒரு வீட்டில் சொல்லப்படுபவர் அடுத்த வீட்டில் மிகாவேல், அதற்கடுத்த தெருவில் மீக்காயீல். எந்தப் பாத்திரம் எந்தச் சொல்லைச் சொல்கிறது என்பதைச் சரியாக அமைத்தாலே அந்தப் பாத்திரத்தின் வீடு, தெரு, வளர்ப்பு எல்லாம் விளக்கமின்றி வந்துவிடும்.

இறந்துபோன மனிதர் வானதூதராகித் திரும்பி வருவதாக எழுதுவது அடுத்த தவறு. இதற்கு ஹாலிவுட்டும் ஒரு காரணம். 1946இல் வெளிவந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் சிறகு கிடைப்பதற்காகப் பூமிக்கு அனுப்பப்படுகிற கிளாரன்ஸ் முன்பு மனிதராக வாழ்ந்தவர்தான். வேதநூல்களிலோ தூதர்கள் தனிப் படைப்பினர். அவர்களுக்கு முற்பிறப்பும் இல்லை, பழைய கணக்கும் இல்லை. செத்தவர் தெய்வமாகி நிற்கும் கதைதான் வேண்டுமென்றால் அதற்கு நம்மிடம் பஞ்சமில்லை. காணிக்காரர்களின் மலைக்குக் கீழே, காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பொம்மக்காவோடும் திம்மக்காவோடும் நிற்கிற முத்துப்பட்டன், மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன் என்றுதான் வில்லுப்பாட்டு சொல்கிறது. அந்தக் கதையின் சூட்டை எடுத்து ஒரு சம்மனசின் மீது போர்த்தினால் இரண்டும் கெட்டுவிடும்.

இந்தக் கலப்பு, சண்டைக்கான காரணத்தில்தான் மிக மோசமாக வெளிப்படுகிறது. நான் படித்த ஒரு திரைக்கதையில் மிக்கேல் தன் தோழனைக் கொன்ற பேயைப் பழிவாங்கத் தாமிரபரணிக் கரைக்கு வருகிறார். மூன்று பக்கத்துக்கு ஆத்திரத்தோடு வசனம் பேசுகிறார். கடைசியில் வெட்டிச் சாய்க்கிறார். படித்து முடித்ததும் எழுதியவரிடம், இது சுடலை மாடனின் கோபமல்லவா என்று கேட்டேன். சுடலைக்குக் கோபப்பட உரிமை உண்டு. அவருக்குச் சொந்தமாகப் பீடம் உண்டு, எல்லை உண்டு, கொடை உண்டு. மரியாதை குறைந்தால் கேட்கிற வாய் உண்டு. கொடை விழாவில் வில்லடிக்க, மகுடம் என்னும் பறை அதிர, கேட்பவர்களின் உடம்பு சிலிர்ப்பதே அந்தச் சொந்தக் கோபத்தினால்தான். தூதருக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. அவர் கையிலிருக்கிற வாளும் அவருடையதன்று.

வேதாகமத்தில் யோசுவா எரிகோ நகருக்கு அருகில், உருவிய வாளோடு நிற்கிற ஒருவரைக் கண்டு, நீர் எங்கள் பக்கமா, எதிரிகள் பக்கமா என்று கேட்கிறார். அதற்கு அந்தப் படைத்தலைவர் சொல்கிற பதில் ‘அல்ல’ என்பது. இரண்டு பக்கமும் அல்ல. தான் கர்த்தருடைய சேனையின் அதிபதியாக வந்திருப்பதாகச் சொல்கிறார். அதிரடிக் கதை எழுதுகிற எவரும் இந்த ஒரு சொல்லை எழுதி மேசையின் மீது ஒட்டிவைத்துக்கொள்ளலாம். கதாநாயகனுக்கு உதவ வந்திருப்பவர் கதாநாயகனின் ஆள் அல்லர் என்ற அச்சம் வாசகருக்கு இருந்துகொண்டே இருந்தால்தான் அந்தப் பாத்திரத்துக்கு எடை கூடும். யூதா எழுதிய சிறிய நிருபத்தில் இன்னும் நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. மோசேயின் உடலைப் பற்றிப் பிசாசோடு வழக்காடும்போது மிகாவேல் தாமாக அவனைப் பழித்துத் தீர்ப்புச் சொல்லத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டும் சொல்கிறார். பஞ்ச் வசனம் எழுதக் கை துடிப்பவர்கள் இந்த அடக்கத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் ஆலயங்களில் பிசாசை மிதித்து நிற்கிற மிக்கேல் சுரூபத்தின் முகத்தை அருகில் சென்று பாருங்கள். காலடியில் அத்தனை புரளல் இருந்தும் அந்த முகத்தில் பெரும்பாலும் கோபம் இருக்காது.

திருக்குறளில் தூது என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், ‘இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது’ என்கிறது. அங்கே இறைவன் என்றால் அரசன். நம் கதைக்கு மற்றப் பொருளும் சேர்ந்தே பொருந்திவிடுகிறது. அழிவே வந்தாலும் அனுப்பியவரின் காரியத்தில் குறை வைக்காதவன் தூதன் என்றால், அவனுடைய வீரம் எதிரியை அடிப்பதைவிடக் கட்டளையைச் சுமப்பதில்தான் இருக்கிறது.

இனி சண்டைக்கு வருவோம். ஒரே இரவில் அசீரியர் பாளையத்தில் 1,85,000 பேரைக் கர்த்தருடைய தூதன் சங்கரித்ததாக இரண்டாம் இராஜாக்கள் நூல் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. இத்தகைய ஆற்றலுடைய ஒருவரை நான்கு அடியாட்களோடு பத்து நிமிடம் மோதவிட்டால் பார்ப்பவருக்கு ஏன் என்ற கேள்வி வரும். சரி, எதிரியும் வானவனாகவே இருக்கட்டும் என்றால் வேறொரு சிக்கல். 1667இல் வெளியான ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் மில்டன் அந்தச் சிக்கலோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டினார். கலகக்காரர்கள் பீரங்கி செய்து சுடுகிறார்கள், விசுவாசமான தூதர்கள் மலைகளைப் பெயர்த்து வீசுகிறார்கள், மிக்கேலின் வாள் சாத்தானைப் பிளக்கிறது. ஆனால் பிளந்த உடல் மீண்டும் கூடிவிடுகிறது. சாகாதவர்களுக்கிடையே நடக்கும் சண்டையை எத்தனை நாள் நீட்டினாலும் அது தானாக முடியாது. மூன்றாம் நாள் தேவகுமாரன் மேலிருந்து வந்துதான் முடித்துவைக்க வேண்டியிருந்தது. மில்டனுக்கே இந்த நிலை என்றால், கணினி வரைகலைக்குப் பணமில்லாத குறும்படக்காரர் அந்தப் பக்கம் போகாதிருப்பது நல்லது.

ஆகவே ஆபத்தை மனிதர்கள் மீதும் காலத்தின் மீதும் வையுங்கள். தானியேலுக்குச் செய்தி கொண்டுவரும் தூதரைப் பெர்சியாவின் அதிபதி 21 நாள் தடுத்து நிறுத்துகிறான். மிகாவேல் உதவிக்கு வந்த பிறகே அவர் வந்து சேர முடிகிறது. கீழே ஒரு மனிதர் மூன்று வாரமாக நோன்பிருந்து காத்திருக்கிறார். மேலே என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஒரு முழுநீளத் திகில் படத்துக்கான இறுக்கம் இதிலேயே இருக்கிறது. பிலேயாமின் கழுதைக் கதையில் நகைச்சுவையும் சேர்ந்துகொள்கிறது: திராட்சைத் தோட்டங்களுக்கிடையே, இருபுறமும் சுவர் உள்ள சந்தில், வாளோடு நிற்பவரைக் கழுதை பார்க்கிறது, மேலே உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை, அது ஒதுங்கி அவர் காலைச் சுவரில் நசுக்க, அவர் கழுதையை அடிக்கிறார். எருசலேமின் மீது வாளை நீட்டி நிற்கிற தூதரைப் பற்றிய நாளாகமப் பகுதியோ நம் களத்துமேட்டிலேயே நடந்ததுபோல் இருக்கிறது. ஓர்னான் கோதுமை போரடித்துக்கொண்டிருக்கிறான், திரும்பிப் பார்க்கிறான், அவனுடைய நான்கு மகன்களும் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். அந்தக் காட்சியின் உச்சம் வெட்டு அன்று, ‘போதும்’ என்று மேலிருந்து வருகிற ஒரு கட்டளையும் உறைக்குள் திரும்புகிற வாளும்தான்.

கட்டளையை மீறுகிற தூதரை நாயகனாக்குவது இப்போது மிகவும் தேய்ந்த வழி. 1995இல் ‘த ப்ராஃபஸி’ படத்தில் மனிதர்கள் மீது பொறாமை கொண்ட காபிரியேல் வில்லனானார். 2010இல் ‘லீஜியன்’ படத்தில் மிக்கேல் தம் சிறகுகளைத் தாமே அறுத்துக்கொண்டு துப்பாக்கிகளோடு பாலைவனச் சாலையோர உணவகம் ஒன்றைக் காக்க வந்தார். மீறல் கூடாதென்று நான் சொல்லவில்லை. கீழ்ப்படிதல் எவ்வளவு கனமானது என்று முதலில் காட்டாமல் முதல் காட்சியிலேயே மீறவைத்தால், அது மேலதிகாரியோடு சண்டை போட்டுவிட்டுத் தனியாகப் புறப்படுகிற போலீஸ்காரர் கதைதான். சிறகு மட்டும் கூடுதல். அறுப்பதற்கு முன்னால் அந்தச் சிறகு எதற்காக இருந்தது என்பதைப் பார்ப்பவர் உணர்ந்திருக்க வேண்டும்.

சிறகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்த மூவர் வழிப்போக்கர்களாகவே தெரிந்தார்கள். ஏசாயா கண்ட சேராபீன்கள் என்னும் வானவர்களுக்கு ஆறு சிறகுகள் உண்டு, ஆனால் பறப்பதற்கு இரண்டு மட்டுமே. இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடிக்கொள்கிறார்கள். படைவரிசையில் மிக்கேல் போன்ற அதிதூதரை எல்லாருக்கும் மேலே வைப்பதும் பொதுவான பிழை. மரபாகச் சொல்லப்படும் ஒன்பது அணிகளில் அதிதூதர்கள் கீழிருந்து இரண்டாவது.

கத்தோலிக்க, சி.எஸ்.ஐ., இஸ்லாமிய மரபுகள் மூன்றையும் ஒரே குழம்பாக்குவது இதைவிடப் பெரிய தவறு. ஆதியாகமத்தில் ஆபிரகாமின் விருந்தினர் கன்றின் இறைச்சியை உண்கிறார்கள். குர்ஆனில் அதே விருந்தினரின் கைகள் பொரித்த கன்றை நோக்கி நீளவில்லை, அதைக் கண்டே இப்ராஹீம் நபிக்கு அச்சம் ஏற்படுகிறது. ஆகவே மலக்கு ஒருவர் மேலப்பாளையத்துக் கடையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதாக எழுதினால், அது நகைச்சுவை ஆகாது. எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்பதுதான் வெளிப்படும். சாத்தானாகிய இப்லீஸை வீழ்ந்த மலக்காகக் காட்டுவதும் அப்படியே. குர்ஆன் அவனை ஜின் இனத்தவன் என்கிறது. மலக்குகளை உருவமாக வரைவதை முஸ்லிம்கள் பலர் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எட்டயபுரத்து உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் காபிரியேலாகிய ஜிப்ரீலைத் தமிழ்ச் செய்யுளில் எவ்வளவு கம்பீரமாக நடமாடவிட்டிருக்கிறார் என்று படித்துவிட்டு எழுத உட்காருவது பயன் தரும். கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. நாயோடும் இளைஞனோடும் வழித்துணையாக நடக்கிற ரபேலின் கதை தோபித்து நூலில் வருகிறது; அந்நூல் கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிறது, சி.எஸ்.ஐ. வீட்டு வேதாகமத்தில் இல்லை. அந்த வீட்டுப் பாத்திரம் ரபேலை நினைத்து ஜெபிப்பதாக எழுதினால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரே சிரித்துவிடுவார்.

கடைசியாக, வேலை முடிந்த பிறகும் வானதூதரை நிறுத்திவைக்கக் கூடாது. பல கதைகளில் அவர் இறுதியில் நாயகனின் தோளில் கைபோட்டு, வாழ்க்கையைப் பற்றி அரைப் பக்கம் பேசிவிட்டு, இரண்டாம் பாகத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அப்போஸ்தலர் நடபடிகளில், சிறையில் இரண்டு சேவகர்களுக்கு நடுவே தூங்குகிற பேதுருவை வந்து எழுப்புகிற தூதர் விலாவில் தட்டுகிறார், சங்கிலி விழுகிறது. இடுப்பைக் கட்டு, செருப்பைத் தொடுத்துக்கொள், மேலாடையைப் போட்டுக்கொண்டு என் பின்னே வா என்று, பள்ளிக்குப் பிள்ளையைக் கிளப்புவதுபோல் சொல்கிறார். இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரு தெருவின் நீளம் கூடவே நடக்கிறார். அந்தத் தெரு முடிந்ததும் அவரைக் காணவில்லை. பேதுரு இருட்டில் தனியாக நின்று, நடந்தது கனவில்லை என்று அப்போதுதான் தெளிகிறார்.