டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்

கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடு பூசி, 450 டிகிரியில் சுட்டு எடுத்தாயிற்று. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்க் கருவியான எக்ஸ்ஆர்டியில், 25.3 டிகிரியில் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் உச்சமும் வந்துவிட்டது. அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்தக் கருவி படலத்தின் உடம்பைப் பார்க்கிறது, தோலை அல்ல. தோலைப் பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பிளஸ் ஒன்னில் படித்தோமே சேர்கோணம், சொட்டின் விளிம்பு பரப்போடு சொட்டுக்குள் செய்யும் கோணம், அதேதான்.

சேலத்தில் நான் வைத்திருக்கும் ஏற்பாடு ரொம்ப எளிது. எல்இடி விளக்கு, அதன் முன் பட்டர் பேப்பர், அப்புறம் கண்ணாடித் துண்டு, கடைசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டிய பழைய மொபைல். லென்ஸும் கண்ணாடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மைக்ரோ பிப்பெட்டில் 3 மைக்ரோ லிட்டர் காய்ச்சி வடித்த நீரை எடுங்கள். சொட்டை மேலிருந்து விழவிடாமல், முனையில் தொங்கும்போதே படலத்தில் மெல்லத் தொட்டு விடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். இங்கே மே மாத வெயிலில் சொட்டின் விளிம்பு அப்படியே நிற்க, உயரம் மட்டும் வற்றும். கோணம் தானாகக் குறைந்துகொண்டே போகும். முதல் பத்து நொடிக்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

படத்தில் சொட்டின் அடி அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளங்கள். உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தால் வகுத்தால், அது பாதிக் கோணத்தின் டேன். அகலம் 600, உயரம் 180 என்றால் 0.6 வரும். பாதிக் கோணம் 31, முழுக்கோணம் 62 டிகிரி. பத்து டிகிரிக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், '10-க்குக் கீழ்' என்று மட்டும் எழுதுங்கள்.

சரி, இந்த 62 சும்மா போட்ட எண் இல்லை. புற ஊதா விளக்கில் ஒரு மணி நேரம் வைத்து, தண்ணீர் சப்பென்று பரவிய ஒரு படலத்தைத் தம்பிக்குக் காட்ட ஏற்காட்டுக்கு எடுத்துப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டே போய், மறுநாள் சொட்டு விட்டால் 62 டிகிரியில் குண்டாக உட்கார்ந்திருக்கிறது! பூச்சே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெட்டது பூச்சு இல்லை. எடுத்துப் போன பிளாஸ்டிக் டப்பாவில் முந்தின வாரம் முறுக்கு இருந்தது. எண்ணெய்ப் பசையின் ஆவி படலத்தில் ஏறிவிட்டது. இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்ததும் தண்ணீர் பழையபடி பரவியது.

இந்த மேற்பரப்பு அப்படித்தான். புற ஊதா ஒளி பட்டால் இதில் தண்ணீர் கிட்டத்தட்ட சுழியக் கோணத்துக்குப் பரவும் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஃபுஜிஷிமாவும் கூட்டாளிகளும் 1997இல் காட்டினார்கள். இருட்டில் வைத்தால் கோணம் மெல்ல ஏறிவிடும். ஆகவே கோணத்தை மட்டும் குறித்தால் பிரயோஜனமில்லை. எப்போது சுட்டது, எவ்வளவு நேரம் விளக்கில் இருந்தது, பிறகு எதில், எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கழுவிய கண்ணாடிப் பெட்ரி டிஷ்தான் நல்லது. விளக்கு வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள். அனடேஸின் பட்டை இடைவெளி, அதாவது அதிலுள்ள எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட், 387 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் வேலை நடக்கும். மலிவாகக் கிடைக்கும் 395 உதவாது. எதுவானாலும் விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்பிஎஸ் சோதனைக்கு அனுப்புவதும் இதற்கப்புறம்தான். அது மேலே உள்ள சில நானோமீட்டரை மட்டும் பார்க்கும். 284.8 எலக்ட்ரான் வோல்ட்டில் கார்பன் உச்சம் வந்தால் பதற வேண்டாம், காற்றில் இருந்த எதிலும் அது வரும். சோடியம் வந்தால்தான் யோசிக்க வேண்டும். சாதாரண ஸ்லைடைச் சுடும்போது சோடியம் கண்ணாடியிலிருந்து படலத்துக்குள் ஏறி, ஒளியில் படலம் செய்யும் வேலையைக் கெடுக்கும். குவார்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது அடியில் சிலிக்கா பூசிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் வெயிலில் காய்ந்த அதே துண்டை அன்று சாயங்காலம் ஜன்னலோரம் வைத்திருந்தேன். பாதிதான் பூசியது. மூடுபனி இறங்கியதும் பூசாத பாதி வெளுத்துப்போனது, பூசிய பாதி வழியாக எதிர்வீட்டு விளக்கு தெளிவாகத் தெரிந்தது. சேலத்தில் இருப்பவர்கள் 'ஹா' என்று வாயால் ஊதிப் பார்த்துக்கொள்ளலாம்.