ஆன்லைனில் விசிட்டிங் கார்டு ஆர்டர்: எண்ணிக்கையைச் சரியாகக் கொடுப்பது எப்படி?

டிசைனுக்காக நாள்கணக்கில் மெனக்கெடுபவர்கள்கூட, 'எண்ணிக்கை' என்ற சின்னக் கட்டத்தில் ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிட்டுப் பணம் கட்டப் போய்விடுகிறார்கள். அச்சானதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியில்லை. உங்கள் பெயர் போட்ட கார்டை வேறு யாருக்கு விற்க முடியும்? அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

படி 1: அந்த எண் எதைக் குறிக்கிறது?

சில தளங்களில் 100 என்றால் 100 கார்டு. வேறு சிலவற்றில் 1 என்றாலே 100 கார்டு கொண்ட ஒரு பாக்ஸ். அங்கே 100 என்று அடித்தால் 10,000 கார்டுக்கு பில் வந்து நிற்கும். எண்ணை மாற்றியதும் மொத்தத் தொகை எப்படி ஏறுகிறது, 'ஒரு கார்டுக்கு இவ்வளவு' என்ற கணக்கு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

படி 2: பெயர்வாரியாகப் பிரியுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். அலுவலகத்தில் 5 பேர். லோகோ, முகவரி எல்லாம் ஒன்றே. பெயரும் போன் நம்பரும் மட்டும் வேறு. ஒருவருடைய கார்டை ஏற்றி 500 என்று போட்டால் ஆளுக்கு 100 வராது, 500-ம் அந்த ஒருவர் பெயரிலேயே வரும். நம் கண்ணுக்கு ஒரே டிசைன்தான். ஆனால் பெயர் மாறினாலே அச்சகத்துக்கு அது வேறு டிசைன்.

'எத்தனை டிசைன்', 'ஒரு டிசைனுக்கு எத்தனை' என இரண்டு கட்டங்கள் இருந்தால் 5, 100 என்று நிரப்புங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆர்டராகக் கூடையில் சேர்ப்பதே பாதுகாப்பு. எல்லாரையும் ஒரே பிடிஎஃப்பில் அடுத்தடுத்த பக்கங்களாக வைத்து ஏற்றுவது ஆபத்து: பல தளங்கள் முதல் பக்கத்தை முன்பக்கமாகவும் இரண்டாவதைப் பின்பக்கமாகவும் எடுத்துக்கொள்ளும். ஒரே கார்டில் ஒரு புறம் மேலாளர், மறுபுறம் கணக்காளர் என்று வந்து சேரும்.

பெயர்ப் பட்டியலை எக்செல்லில் கேட்கும் தளமாக இருந்தால் போன் நம்பர் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0-வில் தொடங்கும் நம்பரில் அந்த 0 காணாமல் போகும்.

படி 3: ஆளுக்கு எத்தனை?

ஆஃப்செட் முறையில் பிளேட் (டிசைன் பதித்த அச்சுத் தகடு) செய்து மிஷினைத் தயார் செய்யும் செலவு, 100 அடித்தாலும் 1,000 அடித்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் எண்ணிக்கை கூடக்கூட ஒரு கார்டின் விலை இறங்குகிறது. கணினிக் கோப்பிலிருந்து நேரடியாக அச்சடிக்கும் டிஜிட்டலில் பிளேட் கிடையாது. குறைந்த எண்ணிக்கைக்கு அதுவே கட்டுப்படியாகும்.

விலை இறங்குகிறதே என்று 1,000 போட்டுவிடாதீர்கள். மாதத்துக்கு எத்தனை கார்டு கொடுப்பீர்கள், இந்தப் பதவியும் நம்பரும் எத்தனை மாதம் மாறாமல் இருக்கும் என்று யோசித்து, இரண்டையும் பெருக்குங்கள். மாதம் 40, ஆறு மாதம் என்றால் 240, ஆர்டர் 250. தினமும் வாடிக்கையாளரைப் பார்க்கும் விற்பனைப் பிரிவுக்கும், வெளியே போகாத பிரிவுக்கும் ஒரே அளவு வேண்டியதில்லை.

முதல் தடவை ஆர்டர் செய்கிறீர்களா? அந்தத் தளம் அனுமதிக்கும் குறைந்த எண்ணிக்கையையே எடுங்கள். தாளின் கனமும் நிறமும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

படி 4: பணம் கட்டும் முன்

கூடையில் ஒவ்வொரு வரியாகப் பெயர், எண்ணிக்கை, ஒரு பக்கமா இரு பக்கமா என்று சரிபாருங்கள். ஃபாயில் (தங்கம், வெள்ளி போல மினுங்கும் மெல்லிய பூச்சு) போன்ற தனி வேலைப்பாடுகளைச் சேர்த்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை மாறக்கூடும், அதையும் கவனியுங்கள். ப்ரூஃப் (அச்சடிக்கும் முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி) வந்தால் 5 பேருக்கும் 5 ப்ரூஃப் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

மறு ஆர்டர்

கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். வேறு வேறு சமயம் அடிப்பதில் நிறம் லேசாக மாறலாம், அதனால் எல்லாருக்கும் ஒன்றாகவே மறு ஆர்டர் கொடுப்பது நல்லது. அச்சுக்கும் கூரியருக்கும் நாள் பிடிக்கும். கையில் 30 கார்டு மிஞ்சும்போதே ஆர்டரைப் போட்டுவிடுங்கள்.