இலை மட்டும் செழிக்கும் முள்ளங்கி

முள்ளங்கி எளிதான பயிர், யார் போட்டாலும் வரும் என்பார்கள். பாதிதான் உண்மை. விதை 3 முதல் 5 நாளில் முளைத்துவிடும், இலையும் கிடுகிடுவென்று வளரும். கிழங்குதான் பிடிக்காது. சின்ன உருண்டை ரகத்துக்கு 25 முதல் 30 நாள், நீளமான வெள்ளை ரகத்துக்கு 45 முதல் 60 நாள், அவ்வளவுதான் அதன் ஆயுள். கத்தரி, மிளகாய் என்றால் நடுவில் சுணங்கினாலும் உரம் போட்டுத் தேற்றிவிடலாம். இதில் அதற்கு நேரமே இல்லை. முதல் 15 நாளில் விட்ட பிழை அப்படியே கடைசியில் கைக்கு வரும்.

நான் முதலில் செய்த தவறு நெருக்கமாக விதைத்தது. ஒரு பிடி விதையை அள்ளிப் பாத்தி முழுக்கத் தூவினேன். பச்சைப் பாய் விரித்த மாதிரி முளைத்தது. அதில் ஒன்றைப் பிடுங்கக்கூட மனசு வரவில்லை. ஒரு மாதம் கழித்து இழுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் நூல் போல வேர். அத்தனை செடியில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆகவே கலைத்து விடுவது, அதாவது நெருக்கமாக முளைத்ததில் சிலவற்றைப் பிடுங்கி மற்றவற்றுக்கு இடம் விடுவதுதான் முள்ளங்கியில் முக்கியமான வேலை, பலரும் தவிர்ப்பதும் அதைத்தான். முதலில் வரும் இதய வடிவ இலைகள் விதையிலிருந்து வருபவை. அவற்றுக்கு மேலே சொரசொரப்பான இலை இரண்டு வந்ததும் கலைத்துவிட வேண்டும். உருண்டை ரகத்துக்குச் செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர், நீள ரகத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் இடம் வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியும் ஆடும் என்றால், கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டி விடுங்கள். வெட்டியதை வீசவும் வேண்டாம், இளங்கீரையாகவே சாப்பிடலாம்.

பிடுங்கிய நாற்றை வேறு இடத்தில் நட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செடி பிழைக்கும், ஆனால் கீழே இறங்க வேண்டிய ஆணிவேர் மடங்கியோ அறுந்தோ போயிருக்கும். கிழங்கு கோணலாக வரும், இல்லாவிட்டால் இரண்டு கால் விட்டு நிற்கும். நாற்றங்கால் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதும் இதே கதைதான். வளரும் இடத்திலேயே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்துவிடுவது நல்லது.

கிழங்கு கவட்டையாகப் பிரிய இன்னொரு காரணம் மண். வேர் இறங்கும் வழியில் கல்லோ கட்டியோ இருந்தால் அது விலகி ஓடும். நீள ரகத்துக்கு 30 சென்டிமீட்டராவது மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்க வேண்டும். தொட்டியின் ஆழத்துக்கும் அதே கணக்கு. ஆழமில்லாத தொட்டிதான் இருக்கிறது என்றால் உருண்டை ரகம் போடுங்கள், அதற்கு 15 சென்டிமீட்டர் போதும்.

மக்காத சாணத்தைப் போடுவது இரட்டைத் தவறு. கிழங்கும் பிளவுபடும், தழைச்சத்து மிகுந்து இலையும் கொழுக்கும். இலை தளதளவென்று இருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை என்று புலம்புகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: நெருக்கம், தழைச்சத்து, நிழல். நன்றாக மக்கிய தொழு உரத்தை விதைக்கும் முன்பே மண்ணில் கலந்துவிட்டால் போதும், அப்புறம் யூரியா எதற்கு? வெயில் மட்டும் தினமும் 6 மணி நேரமாவது விழ வேண்டும்.

வெயில் வேண்டும் என்றதும் கொளுத்தும் கோடையில் விதைத்துவிட வேண்டாம். முள்ளங்கி குளிர்ச்சியை விரும்பும் பயிர். வெப்பம் கூடினால் காரம் ஏறும், கிழங்கு பஞ்சாகும். சூடும் நீண்ட பகலும் சேர்ந்தால் கிழங்கு பிடிக்கும் முன்பே தண்டு விட்டுப் பூத்துவிடும்.

தண்ணீரில் அளவைவிட ஒழுங்குதான் முக்கியம். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், உள்ளே சட்டென்று உப்பி, தோல் தாங்காமல் கிழங்கு வெடிக்கும். தொடர்ந்து காய்ந்தால் நார் ஓடும், காரமும் நாக்கைச் சுடும். காரம் தோலிலும் தோலை ஒட்டியும்தான் அதிகம் என்பதால் சீவிப் போட்டால் கொஞ்சம் அடங்கும். நாருக்கு அப்படி வழி எதுவும் இல்லை. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய ஆரம்பித்ததும் தண்ணீர் விடலாம். எப்போதும் சொதசொதவென்று வைத்தால் அழுகும்.

இலையில் ஊசியால் குத்தியது போலப் பொத்தல்கள் இருந்தால், தொட்டால் தத்தி ஓடும் சின்ன வண்டின் வேலை அது. வளர்ந்த செடி தாங்கும், முளைத்து ஒரு வாரமான செடி தாங்காது. விதைத்த அன்றே கொசுவலை போன்ற நெருக்கமான வலையால் மூடிவிடுவது உத்தமம். முட்டைக்கோஸ், கடுகு வளர்ந்த பாத்தியில் உடனே முள்ளங்கி போடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், பூச்சியும் நோயும் பொது.

சரி, அறுவடை. இங்கேதான் நன்றாக வளர்த்தவர்களும் கோட்டை விடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டால் கிழங்கு பெருக்கத்தான் செய்யும், கூடவே உள்ளே வெற்றாகிப் பஞ்சு அடைத்துவிடும். உருண்டை ரகம் மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு வந்தாலே பிடுங்கிவிடலாம். தோண்டவே வேண்டாம், கிழங்கின் தோள் மண்ணுக்கு மேல் எட்டிப் பார்க்கும். தெரியாவிட்டால் விரலால் மண்ணை ஒதுக்கிப் பாருங்கள். ஒன்றைப் பிடுங்கி நறுக்கிச் சோதிப்பது இன்னும் நிச்சயம். ஒரே நாளில் எல்லா விதையையும் போட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றும். 10, 12 நாளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துப் போடுங்கள்.

பிடுங்கியதும் இலையை வெட்டி எடுங்கள். இலையோடு வைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி, மறுநாளே கிழங்கு தொய்ந்துவிடும். கீரையைத் தனியாக வைத்து ஓரிரு நாளில் சமைத்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு கண்ணில் படாமல் தப்பிப் பூத்து நிற்கும். அவற்றின் கிழங்கு இனி ஆகாது. பிடுங்காமல் விட்டால் காய் பிடிக்கும். விரலால் ஒடித்தால் படக்கென்று ஒடிகிற பிஞ்சாகப் பறித்தால் அந்தக் காயை அப்படியே மெல்லலாம், முள்ளங்கியின் காரம் அதிலும் இருக்கும்.