ஆர்வியில் தேசியப் பூங்கா பயணம்: கரன்ட் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு ஆர்வி (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் வண்டி எத்தனை அடி நீளம், எத்தனை பேர் படுக்கலாம், ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கரன்ட்டைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். கேம்ப்கிரவுண்ட் என்றால் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், ஒயரைச் செருகினால் ஏசி ஓடும் என்ற நம்பிக்கை. தனியார் ஆர்வி பார்க்குகளில் அது சரி. தேசியப் பூங்காவுக்குள் பெரும்பாலும் பெட்டியே இருக்காது.

யோசெமிட்டி கேம்ப்கிரவுண்டுகளில் ஒன்றில்கூட ஹூக்கப், அதாவது வண்டிக்குக் கரன்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, கிடையாது. கிளேசியரிலும் ஷெனாண்டோவாவிலும் அதே கதைதான். யெல்லோஸ்டோன் அவ்வளவு பெரிய பூங்கா. அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் ஒன்றில்தான் ஹூக்கப் உண்டு. கரடி நடமாடும் பகுதி என்பதால் துணிப் பக்கங்கள் கொண்ட பாப்-அப் டிரெய்லரை அங்கே விடமாட்டார்கள். ஹூக்கப் வைக்காதது கஞ்சத்தனம் அல்ல. இந்தக் கேம்ப்கிரவுண்டுகளில் பல 1930களிலும், 1956 முதல் 1966 வரை நடந்த ‘மிஷன் 66’ திட்டத்திலும் உருவானவை. ஒரு காரையும் ஒரு கூடாரத்தையும் மனதில் வைத்துப் போட்ட இடங்கள். முப்பதடி வண்டி வந்து இரண்டு ஏசிக்குக் கரன்ட் கேட்கும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

அடுத்த தவறு, இருக்கிற இடத்தையும் தவறவிடுவது. எல்லோரும் அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் மட்டும் தேடுகிறார்கள். பூங்காவுக்குள்ளேயே ஒப்பந்த நிறுவனங்கள் நடத்தும் ஹூக்கப் இடங்கள் பல அதில் வராது. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் இல்லை; பக்கத்திலேயே இருக்கும் ட்ரெய்லர் வில்லேஜில் கரன்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உண்டு. ஆனால் அதற்கு முன்பதிவு தனி. ஃபிஷிங் பிரிட்ஜுக்கும் அப்படித்தான். பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் கேம்பிங் பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

‘ஹூக்கப் உண்டு’ என்று பார்த்தவுடன் மூன்றும் இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. சயான் பூங்காவின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் ஏ, பி பகுதி இடங்களில் கரன்ட் மட்டும் தருகிறார்கள். தண்ணீரைப் பொதுக் குழாயில் பிடித்து, கழிவை அதற்கான நிலையத்தில் கொட்ட வேண்டும். கேம்ப்கிரவுண்டின் மற்ற பகுதிகளில் கரன்ட் இல்லை, ஜெனரேட்டருக்கும் அனுமதி இல்லை. எலக்ட்ரிக் என்று எழுதாத இடத்தைப் பதிவு செய்துவிட்டு ஜெனரேட்டரால் சமாளிக்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான்.

ஹூக்கப் இல்லாத இடத்தில் என்ன ஓடும் என்பதை வண்டி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் மின்விசிறி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். சுவரில் இருக்கும் சாதாரண பிளக் பாயின்ட், இன்வர்ட்டர் இல்லாத வண்டியில் வெறும் அலங்காரம். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி தேவைப்படுகிறவர்கள் இதை இரவு பத்து மணிக்குக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. அந்தக் கருவிக்கான 12 வோல்ட் ஒயரை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். 100 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் சேதமில்லாமல் பயன்படுத்த முடியும். ஹீட்டர் விசிறி ஏழெட்டு ஆம்ப் இழுக்கும். மலை மேல் குளிர் இரவில் அது மொத்தமாக ஆறு மணி நேரம் ஓடினால் அந்தப் பாதி காலி.

ஜெனரேட்டருக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மட்டுமே. இரவு முழுக்க ஏசி என்ற பேச்சுக்கே இடமில்லை. பூங்காக்களின் பொது விதிப்படி 50 அடி தூரத்தில் சத்தம் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. உயரமான இடங்களில் ஜெனரேட்டரின் சக்தியும் குறையும்: ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு ஏறத்தாழ 7,000 அடி.

இனி பெட்டி இருக்கும் இடத்துக்கு வருவோம். உள்ளே பொதுவாக 20, 30, 50 ஆம்ப் சாக்கெட்டுகள் இருக்கும். சில இடங்களில் 30 மட்டும். மூன்று முள் கொண்ட 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். நான்கு முள் 50 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் ஃபேஸ் இரண்டு வருவதால் மொத்தம் 12,000 வாட். பெயரில் 20 ஆம்ப்தான் வித்தியாசம், கைக்கு வருவது மூன்று மடங்குக்கு மேல். வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப்.

அந்த 3,600 வாட்டை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் தினசரி ரகளை. கூரை ஏசி சுமார் 13 ஆம்ப். கரன்ட்டில் ஓடும் வாட்டர் ஹீட்டர் 12. மைக்ரோவேவ் 12, 13. மூன்றும் சேர்ந்தால் 37 ஆம்ப், பிரேக்கர் விழுந்துவிடும். 1,500 வாட் கெட்டில் தனியாக 12.5 ஆம்ப், ஆயிரம் வாட் இன்ஸ்டன்ட் பாட் எட்டுக்கு மேல். ஏசி ஓடும்போது சாதம் வைக்கலாம், கூடவே காபிக்கு வெந்நீர் வைக்கக்கூடாது. வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வண்டியில் கேஸ் அடுப்பு இருக்கும்போது கெட்டில் எதற்கு என்பது என் கட்சி. விழுந்த பிரேக்கரைக் காரணம் பார்க்காமல் திரும்பத் திரும்பத் தூக்கி விடுவது மட்டும் வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 ஆம்ப் சாக்கெட்டில் இரண்டு ஃபேஸுக்கு இடையே 240 வோல்ட் கிடைக்கிறதே என்று ஒயர் பிடித்து வேலை காட்டாதீர்கள். மெல்லிய மிக்ஸி ஒயர் எரிந்தாலும் 50 ஆம்ப் பிரேக்கர் அசையாது. சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு ஃபிரிட்ஜைக் குளிர வைக்க வண்டியை வீட்டில் செருகுகிறவர்கள் உண்டு. அதற்குச் சாதாரண பிளக் பாயின்ட்டும் அடாப்டரும் போதும், ஏசியைத் தொடாமல் இருந்தால். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 30 ஆம்ப் சாக்கெட்டைப் பார்த்து ‘இதுவும் 30 தானே’ என்று நினைப்பது ஆபத்து. அது 240 வோல்ட். மாற்றிச் செருகினால் வண்டிக்குள் இருக்கும் எல்லாமே போய்விடும்.

லோ வோல்டேஜ் நமக்குப் புதிதல்ல. ஸ்டெபிலைசர் வைத்து வளர்ந்தவர்கள்தானே. கோடைப் பிற்பகலில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது, பழைய ஒயரிங் உள்ள கேம்ப்கிரவுண்டில் 120 வோல்ட் 105க்கும் கீழே இறங்கலாம். ஏசி கம்ப்ரஸர் உடனே நின்றுவிடாது. அதிக ஆம்ப் இழுத்து, சூடாகி, மெல்லச் சாகும். சாதாரண சர்ஜ் புரொடெக்டர் இதற்கு உதவாது. திடீரென வோல்டேஜ் எகிறும்போது மட்டும்தான் அது காக்கும். இ.எம்.எஸ் எனப்படும் கருவி வோல்டேஜ் 104க்குக் கீழே போனாலும், நியூட்ரல் அறுந்திருந்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். 50 ஆம்ப் வண்டியில் நியூட்ரல் அறுந்தால் ஒரு பக்கக் கருவிகளுக்கு 200 வோல்ட்கூடப் போகலாம். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் விஷயத்திலும் மிச்சம் பிடிக்கிறார்கள். வீட்டில் புல் வெட்டப் பயன்படுத்தும் ஆரஞ்சு ஒயரை 30 ஆம்ப் வண்டிக்குப் போடக்கூடாது. 10 கேஜ் தடிமன் வேண்டும், 50 ஆம்ப்புக்கு அதைவிடத் தடித்த 6 கேஜ். மீதி நீளத்தைச் சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு சேரும். ஏசி ஓடி அரைமணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தேய்ந்திருக்கிறது. பிரேக்கரை அணைத்துவிட்டு, வேறு இடம் கேளுங்கள்.

வண்டியின் கதவையோ படியையோ தொடும்போது லேசாகச் சுருக்கென்று இழுத்தால் அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். எர்த் போய், வண்டியின் உடம்பிலேயே கரன்ட் ஏறியிருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தை அதே கைப்பிடியைத்தான் பிடிக்கும். எல்லோரையும் வண்டியைத் தொடாமல் விலகி நிற்கச் சொல்லி, பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டுக் கேம்ப்கிரவுண்ட் ஊழியரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை மறுபடி செருகக்கூடாது.

செருகும்போதும் கழற்றும்போதும் வரிசை ஒன்றுதான்: வண்டிக்குள் ஏசி, ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், பெட்டியில் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும், அதன் பிறகே பிளக்கில் கை. கரன்ட் ஓடும்போதே இழுத்தால் தீப்பொறி பறந்து முள்ளும் சாக்கெட்டும் கருகும். அடுத்து அந்த இடத்துக்கு வருகிறவருக்குச் சூடாகும் பிளக் அப்படித்தான் உருவாகிறது.