பையன் ஏரியா ‘அண்ணன்’ பின்னால் போய் ஸ்டேஷனில் மாட்டினால்: பெங்களூரு பெற்றோர் செய்ய வேண்டியவை

ஸ்ரீராமபுரமோ ஹலசூரோ லிங்கராஜபுரமோ, பதினாறு பதினேழு வயசுப் பையனை அடிதடியில் போலீஸ் பிடித்ததும் வீட்டார் முதலில் ஓடுவது ஏரியாவில் நாலு பேரைத் தெரிந்தவரிடம்தான். பல நேரம் அந்த ஆள், பையனைக் கேங்குக்குள் இழுத்த ‘அண்ணனுக்கு’ வேண்டியவராகவே இருப்பார். இதுதான் முதல் தப்பு. 18 வயது முடியாத பையனுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது, அவனை ஏவிய பெரியவனுக்கு வேறு வழி. இரண்டையும் பிரித்து வைப்பதுதான் பெற்றோரின் வேலை. பையனையும் அண்ணனையும் ஒரே வக்கீல் காப்பாற்ற முடியாது.

முதலில் வயசுக் காகிதம். குற்றம் நடந்த நாளில் அவனுக்கு என்ன வயசு என்பதே கணக்கு. 2015 சிறார் நீதிச் சட்டம், பிரிவு 94இன்படி முதலிடம் பள்ளியின் பிறந்த தேதிச் சான்றுக்கும் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலுக்கும். அது இல்லாவிட்டால் மாநகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் போதாது; பிறந்த தேதிக்கு அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. திருவண்ணாமலைப் பக்கம் ஒன்றாம் வகுப்பு சேர்த்துவிட்டு பிறகு இங்கே மாற்றியிருந்தால், இரண்டு பள்ளிப் பதிவிலும் தேதி ஒன்றுதானா என்று இன்றைக்கே பாருங்கள். பையன்கள் கெத்துக்காக “பத்தொன்பது” என்று சொல்லிவிடுவதும் உண்டு. அப்படி எழுதப்பட்டால் பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போய்விடுவான். மாஜிஸ்ட்ரேட் முன்பே சான்றைக் காட்டி “இவன் மைனர்” என்று சொல்லுங்கள். எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் இதைக் கேட்கலாம்.

அசல் ஒன்று, நகல் மூன்று எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். எந்த ஸ்டேஷன் என்றே தெரியாவிட்டால் 112க்கு அழையுங்கள். உள்ளே போனதும் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், குழந்தைகள் நலக் காவல் அதிகாரி யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு. லாக்கப்பில் வைக்கக்கூடாது, கைவிலங்கு கூடாது, பையனிடம் பேசும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. பயணநேரம் போக 24 மணி நேரத்துக்குள் ஜே.ஜே. போர்டு, அதாவது சிறார் நீதி வாரியம், முன் நிறுத்தியாக வேண்டும். குரலை உயர்த்தாமல் இதைக் கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது மொழியில். மஹஜர் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் அறிக்கை), எஃப்.ஐ.ஆர்., உறுதிப்பத்திரம் எல்லாம் கன்னடத்தில் இருக்கும். கன்னடம் நன்றாகப் பேசுவோம், படிக்க வராது. வெட்கப்பட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவோம். வரிவரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், தேதியையும் நேரத்தையும் நீங்களே கையெழுத்தின் கீழே எழுதுங்கள். பையனிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக்கூடாது என்று விதியே இருக்கிறது.

கொடுங்குற்றமாக இல்லாமலும், பெரியவர்கள் சேராமலும் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடாமல் டைரிக் குறிப்போடு முடிய வேண்டும். கேங் விஷயத்தில் பெரும்பாலும் பெரியவர் இருப்பதால் எஃப்.ஐ.ஆர். வரும். “ஹாஃப் மர்டர் கேஸ், பையன் முடிஞ்சான்” என்று ஏரியாவில் பயமுறுத்துவார்கள். அதாவது கொலை முயற்சி: பழைய இந்திய தண்டனைச் சட்டம் 307, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 109. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது. 16 வயது நிறைந்தவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்ற ஆய்வு, குறைந்தது 7 ஆண்டு தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே. கொலை அதில் வரும், கொலை முயற்சி வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாரும் கவனிக்காத ஒரு காகிதம்: சமூகப் பின்னணி அறிக்கை, படிவம் 1. ஸ்டேஷனில் குழந்தைகள் நல அதிகாரி நிரப்பி போர்டுக்கு அனுப்புவது. அதில், பையனைக் கேங்கோ பெரியவர்களோ பயன்படுத்தினார்களா, போதைப்பொருள் கடத்த வைத்தார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அம்மா பயத்தில் “எம் புள்ள யாரோடவும் சேர மாட்டான் சார்” என்பாள். அந்த இடத்தில் ‘இல்லை’ என்று விழும். அத்தோடு பையன் தானாகவே கத்தி எடுத்தவன் ஆகிவிடுகிறான், அண்ணன் வெளியே நிற்கிறான். உண்மையைச் சொல்லுங்கள்: யார் வண்டி கொடுத்தது, யார் போன் இ.எம்.ஐ. கட்டியது, எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டது. ‘ஆம்’ என்று எழுதப்பட்டால் சிறார் நீதிச் சட்டம் 83(2) பெரியவன்மீது பாயும்: 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். பி.என்.எஸ். 95இன்கீழ் குழந்தையைக் குற்றத்துக்கு அமர்த்தியவனுக்கு 3 முதல் 10 ஆண்டு. போலீஸ் கேங்கை உடைக்க நினைத்தால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பயமாக இருந்தால் போர்டில் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள்.

வக்கீல் இலவசமாகக் கிடைப்பார்; 15100க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணையம் ஏற்பாடு செய்யும். அண்ணன் அனுப்பும் வக்கீலை மட்டும் ஏற்காதீர்கள்.

ஜாமீன் பொதுவாகக் கிடைக்க வேண்டியதுதான். பிரிவு 12 அதை மறுக்கச் சொல்லும் காரணங்களில் ஒன்று, வெளியே போனால் பழைய குற்றவாளிகளோடு சேர்வான் என்பது. கேங் வழக்கில் இங்கேதான் தடை விழும். “இனி ஒழுங்கா இருப்பான்” என்று சொன்னால் போர்டுக்குப் போதாது. காகிதமாகக் கொடுங்கள்: எந்த முகவரியில் தங்குவான், வீட்டில் பகலில் யார் இருப்பார், எந்தப் பள்ளி அல்லது ஐ.டி.ஐ., புது சிம் எண். ஆம்பூரிலோ கிருஷ்ணகிரியிலோ பாட்டி வீட்டுக்கு அனுப்புவது நல்லதுதான். ஆனால் போர்டின் அனுமதியோடு. சொல்லாமல் அனுப்பினால் தலைமறைவு என்று பதிவாகும்.

போனை அழிக்காதீர்கள். இன்ஸ்டா குரூப்பில் அண்ணன் போட்ட மெசேஜ்தான் உங்கள் ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள்.

இன்னும் பிடிபடாத பையன் இருக்கும் வீட்டுக்கும் சில வார்த்தை. பிறந்தநாள் கேக்கை லாங்கால் (நீளமான அரிவாள்) வெட்டுவது, ரீல்ஸில் அதைத் தூக்கிக் காட்டுவது விளையாட்டல்ல. வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுத விதிகளுக்குள் வரும். பெங்களூரு போலீஸ் ரீல்ஸைப் பார்த்தே ஆளைத் தேடி வருகிறது. பீட் போலீஸிடம் சொல்லும்போது பையன்கள் பெயரைவிட இடம், நேரம், வண்டி எண் சொல்லுங்கள்; அதை வைத்துத்தான் ரோந்தை மாற்றுவார்கள். சின்னப் பையன்களைப் பொட்டலம் கொண்டுபோக விடுவதைப் பார்த்தால் 1098, குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

வழக்கு முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. பிரிவு 24இன்படி இந்தத் தீர்ப்பு வேலைக்கோ படிப்புக்கோ தடையாகாது. பெரியவனாக விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் விதிவிலக்கு. முடிந்த வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியே சொல்லவும் கூடாது என்கிறது பிரிவு 74. ஆனாலும் பழைய பட்டியலில் பெயர் கிடந்து, 18 முடிந்ததும் ரவுடி ஷீட் (ஸ்டேஷனில் ரவுடிகளைக் கண்காணிக்க வைக்கும் பதிவு) பேச்சு வருவதுண்டு. பதிவை அழிக்கும் உத்தரவை வக்கீல் மூலம் போர்டிடம் கேட்டு வாங்குங்கள். முத்திரையிட்ட நகல் ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்கி, இன்னொன்றை எஸ்.எஸ்.எல்.சி. பட்டியலோடு சேர்த்து வைத்திருங்கள்.